கணிப்பொறி கற்றவரும் கற்பித்தவரும்

கல்கத்தா மாநகரின் தென்பகுதியில் ரவீந்திர சரோவர் என்னும் ஏரியொன்று உண்டு. இயற்கையாய் அமைந்த ஏரியன்று அது. சதுப்பும் புதருமாய்க் கிடந்த நிலத்தை 1920 ஆம் ஆண்டுகளில் நகர மேம்பாட்டு டிரஸ்டார் கையகப்படுத்தி வெட்டுவித்த ஏரி. டாகுரியா ஏரி என்று வழங்கிய அதற்கு 1958 ஆம் ஆண்டில் கவியரசர் ரவீந்திரரின் பெயர் சூட்டப்பட்டது. அதன் தெற்கே, பஜ்பஜ் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்துள்ள குடியிருப்பே லேக் கார்டன்ஸ். நகரின் பெயர் 2001 ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று வழங்கி வருகின்றது. எனினும் பழைய நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்து அக்காலப் பெயரையே நாம் கொள்வோம்.

இந்த ஏரியைச் சூழ்ந்த பகுதிகளில், சிறப்பாக லேக் மார்க்கெட்டின் பக்கத்தில், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. முதலில் வந்தவர்களிற் பலர் கணக்கரும், சுருக்கெழுத்தரும், தட்டச்சரும் ஆவர். மயிலாப்பூரிலும் கும்பகோணத்திலும் பள்ளிப் படிப்பை முடித்து, தட்டச்சுப் பொறியில் விரல் பழகிக்கொண்டு, ஹௌரா மெயிலில் ஏறியவர்கள் அவர்கள். அன்னாரின் பேரர்களும் பேத்திகளும், அண்மையில் வந்து சேர்ந்த இளைஞர்களும், இன்று வேறொரு விசைப்பலகையின் முன் அமர்ந்திருக்கிறார்கள். நகரின் வடகிழக்கே சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் வரிசை வரிசையாய் நிற்கும் அலுவலகங்களில், கணிப்பொறிக்கு ஆணைகளை வகுத்துத் தரும் நிரல்களை எழுதுவது அவர்களுடைய தொழில். மென்பொருள் வல்லுநர் என்று அவர்களை நாம் அழைக்கின்றோம்.

இத்தொழிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தச்சர் ஒருவர் இளமையிற் கற்ற உளிப்பயிற்சி முதுமையிலும் அவருக்குப் பயன்படும். நிரல் எழுதுவோர்க்கு அந்த நிம்மதி இல்லை. ஃபோர்ட்ரான் என்னும் கணிப்பொறி மொழி 1957 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சி என்னும் மொழி 1972 ஐ ஒட்டி உருவாயிற்று. பைத்தான் 1991 இலும் ஜாவா 1995 இலும் வந்தன. ஒவ்வொன்றும் வரும்போது முன்னையதிற் கைதேர்ந்தவர் மீண்டும் மாணவராக வேண்டியிருந்தது. நிரலைத் தானே எழுதித் தரும் கருவிகளும் இன்று வந்துவிட்டன. அவை தருவது சரியா பிழையா என்று சீர்தூக்கிப் பார்க்க, கற்றவர் முன்னிலும் மிகுதியாகத் தேவைப்படுகின்றனர். ஆகவே இத்துறையில் இடையறாக் கல்வி என்பது ஆசைக்குரிய அணிகலன் அன்று, அன்றாடச் சோறு.

அவ்வாறாயின், இடையறாது கற்பது எவ்வாறு? கற்றதை நம்மோடு வைத்துக்கொள்வதா, பிறர்க்கும் உரைப்பதா? இவ்வினாக்களுக்கு வரலாறு தரும் விடையைக் காண்போம். அவ்வரலாற்றின் முக்கியமான சில பக்கங்கள் லேக் கார்டன்ஸுக்கு அணித்தாகவே எழுதப்பட்டவை.

முதற்கண் நம் இலக்கணப் புலவர் ஒருவர் வகுத்த கணக்கொன்றைக் குறிப்பிட வேண்டும். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், தம் நூலின் பாயிரத்தில், மாணாக்கன் புலமை பெறும் வகையைப் பங்கிட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை முற்றும் செவ்வையாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்கு அறிவே கைகூடும் என்பது அவர் கருத்து. உடன் பயில்வோரோடு பழகி ஆராய்வதால் இன்னொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கோ, தாம் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறையும். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த இந்தக் கணக்கு, கணிப்பொறியின் வரலாற்றுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோற் பொருந்துவதை இனிக் காண்போம்.

கணிப்பொறி வருமுன்னரே கல்கத்தாவில் இக்கணக்கை மெய்ப்பித்துக் காட்டிய தமிழர் ஒருவர் இருந்தார். 1907 ஆம் ஆண்டில், பதினெட்டே வயது நிரம்பிய சந்திரசேகர வேங்கட ராமன், சர்க்கார் நிதித்துறை அதிகாரியாக அந்நகருக்கு வந்தார். பௌபஜார் தெருவில் 1876 ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் அவர் கண்ணிற் பட்டது. அச்சங்கத்தை நிறுவிய மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார், பொதுமக்களுக்கு விஞ்ஞானத்தை விரிவுரைகளின் வாயிலாகப் பரப்புவதை அதன் நோக்கங்களுள் ஒன்றாக வைத்திருந்தார். பகலெல்லாம் கணக்கு அலுவலகம். அலுவலுக்கு முன்னும் பின்னும் சங்கத்தின் ஆய்வுக்கூடம். இவ்வாறு பத்து ஆண்டுகள் உழைத்த பின், 1917 இல், அதிக ஊதியம் தந்த சர்க்கார் பதவியைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக அவர் அமர்ந்தார்.

ராமன் கண்டவற்றைத் தம் குறிப்பேட்டிற் பூட்டி வைக்கவில்லை. சங்கத்தின் மேடையில் விரிவுரை ஆற்றினார். இளைஞர்களைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். 1926 இல் இந்திய பௌதிகச் சஞ்சிகையைத் தொடங்கினார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவரிடம் வந்து சேர்ந்து துணைநின்றார். 1928 பிப்ரவரி 28 இல் கண்ட ஒளிச்சிதறல் உண்மையை விரிவாக உலகுக்கு அறிவித்த கட்டுரை அந்தச் சஞ்சிகையிலேயே வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில் நோபெல் பரிசு கிட்டியது. அச்சங்கம் பின்னர் ஜாதவ்பூருக்கு இடம் மாறியது. லேக் கார்டன்ஸில் வாழ்வோர் எளிதிற் சென்று காணக்கூடிய தொலைவில் அது இன்றும் உள்ளது. அலுவலகம் முடிந்த பின் கற்பதற்கு நேரமேது என்று வினவும் இளைஞர்க்கு, அதன் வாயிலே விடை சொல்லும்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். கல்கத்தாவின் வடகோடியில், பாரக்பூர் பெருவழியை ஒட்டிய பாராநகரில், இந்தியப் புள்ளியியல் நிறுவனம் உள்ளது. அதனை 1931 ஆம் ஆண்டில் தோற்றுவித்தவர் பிரசாந்த சந்திர மஹாலனோபிஸ். நாடு விடுதலை பெற்ற பின், ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு வேண்டிய கணக்குகள் மலைபோற் குவிந்தன. அவற்றை மேசைக் கணக்கு யந்திரங்களைக் கொண்டு மனிதர் கைகளாற் செய்து முடிப்பது அரிதாயிற்று. 1953 இல் அந்நிறுவனத்தின் சமரேந்திர குமார் மித்ராவும் அவருடைய துணைவரும் ஒப்புமைக் கணிப்பொறி ஒன்றைத் தாமே அமைத்தனர். பின்னர் 1955–56 இல், எச்.இ.சி.–2 எம் என்னும் இலக்கக் கணிப்பொறி இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டது. ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய் விலை பெற்ற அதுவே இந்தியாவில் இயங்கிய முதல் இலக்கக் கணிப்பொறி.

அதன் ஆற்றல் இன்றைய கணக்கிற் சிறிது. சுழலும் காந்த உருளை ஒன்றே அதன் நினைவகம். அதில் 1,024 சொற்களே அடங்கும். சொல் என்பது இங்கே ஓர் எண்ணையோ ஓர் ஆணையையோ குறிக்கும். இன்று ஒரு சிறு புகைப்படத்தைக்கூட அதில் வைக்க இயலாது. மனிதர்க்கு விளங்கும் கணிப்பொறி மொழி எதுவும் அதற்குத் தெரியாது. எண்களாலாகிய யந்திர மொழியிலேயே ஆணைகளை எழுதவேண்டும். எந்த ஆணை உருளையில் எந்த இடத்திலிருக்கிறது என்பதை எழுதுவோரே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இக்கலையைக் கற்க மோஹி முகர்ஜி, அமரேஷ் ராய் என்னும் இருவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் பெற்றுவந்தது பவணந்தியார் சொன்ன முதற் கால் பங்கு. திரும்பியபின் அவர்களுக்கு ஆசிரியர் இல்லை. யந்திரமே ஆசிரியர், பிழையே பாடம்.

1958 இன் இறுதியில் ஐக்கிய நாட்டு உதவித் திட்டத்தின் வழியே சோவியத் நாட்டின் உரால் கணிப்பொறியும் பாராநகர் வந்து சேர்ந்தது. ஒன்று ஆங்கிலேயருடையது, மற்றொன்று ரஷ்யருடையது. இரண்டின் ஆணை முறைகளும் வேறு வேறு. ஆகவே ஒன்றிற் பழகியவர் மற்றொன்றுக்காக மீண்டும் அகரத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இந்தியாவில் கணிப்பொறி ஒரு சிலவே இருந்த நாளிலும், இத்தொழிலில் ஒருமுறை கற்றது போதாது என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

அதே காலத்தில் பிற நாடுகளில் நடந்ததும் கருதத்தக்கது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 முதல் இயங்கிய எட்சாக் கணிப்பொறியை அமைத்தவர் மாரிஸ் வில்க்ஸ். ஒருவர் எழுதிய பயனுள்ள நிரற்பகுதியை மற்றவர் மீண்டும் எழுதாமல் எடுத்தாளும் பொருட்டு, அத்தகைய பகுதிகளை ஒரு நூலகம்போல் அவரும் துணைவரும் சேர்த்து வைத்தனர். 1951 இல் வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் அவ்வனுபவத்தை நூலாக்கி வெளியிட்டனர். நிரல் எழுதும் கலைக்கு ஏற்பட்ட முதல் நூல் என்று அதனைக் கூறுவர். 1955 இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பகுதியில், ஒரே வகைக் கணிப்பொறியை வாங்கியிருந்த நிறுவனங்களின் ஊழியர்கள் ஒன்றுகூடி ஷேர் என்னும் சங்கத்தை அமைத்தனர். வாணிகத்திற் போட்டியிட்ட நிறுவனத்தாரும் தம் நிரல்களை ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டனர். ஒவ்வொருவரும் தனித்தனியே அதே நிரலை எழுதிக்கொண்டிருந்தால் யாவர்க்கும் நஷ்டம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இந்தியாவிலும் அவ்வாறான கூட்டுறவு விரைவிலே உண்டாயிற்று. பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையிற் பிறந்து கிண்டியிற் பொறியியல் பயின்ற ஆர். நரசிம்மன் 1954 இல் சேர்ந்தார். அவர் தலைமையில் இளைஞர் குழுவொன்று டிஃப்ராக் என்னும் கணிப்பொறியைத் தானே வடிவமைத்து 1960 இல் இயக்கிற்று. அக்குழுவில் நரசிம்மன் நீங்கலாக எவரும் அதற்கு முன் கணிப்பொறியைப் பயன்படுத்தியவரல்லர். உடன் பயில்வோரிடம் பெறும் கால் பங்குக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. நாட்டிலுள்ள கணிப்பொறி அறிந்தோர் ஒன்றுசேர்ந்து 1965 இல் இந்தியக் கணிப்பொறிச் சங்கத்தை அமைத்தபோது, அதன் முதல் தலைவரும் நரசிம்மனே.

லேக் கார்டன்ஸுக்குத் தென்கிழக்கே ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகம் உள்ளது. சுதேசி இயக்கத்தின் வேகத்தில் 1906 இல் எழுந்த தேசியக் கல்விக் கழகத்தின் வழிவந்தது அது. 1955 இல் பல்கலைக்கழகமாயிற்று. புள்ளியியல் நிறுவனமும் இப்பல்கலைக்கழகமும் கைகோத்து, டிரான்சிஸ்டர்களாலாகிய கணிப்பொறி ஒன்றை அமைத்தன. இரு நிறுவனங்களின் பெயர்களையும் இணைத்து ஐ.எஸ்.ஐ.ஜே.யு.–1 என்று பெயரிடப்பட்ட அது, 1966 இல் இயங்கத் தொடங்கிற்று. விலைக்கு வாங்கிய யந்திரத்தோடு பத்தாண்டுகள் பழகியவர்கள், பல்கலைக்கழக இளைஞரோடு சேர்ந்து தாமே யந்திரம் செய்யும் நிலைக்கு உயர்ந்தனர். பாராநகரில் தேங்கி நின்றிருக்கக்கூடிய அறிவு, நகரைக் குறுக்கே கடந்து தென்கோடிக்கு வந்த கதை இது.

இத்துணையும் அறிந்தோர் தொகை அன்று சில நூறுதான் இருக்கும். அது பல்லாயிரமாய்ப் பெருகியது எவ்வாறு? அதற்கு விடையாக, வெளிமாநிலத் தமிழர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய ஒருவரை நாம் சுட்டுகின்றோம். அவர் பேராசிரியர் வைத்தீஸ்வரன் ராஜாராமன்.

அவர் 1933 இல் ஈரோட்டில் பிறந்தார். ஆயின் பள்ளிப் படிப்பு டெல்லியில். தலைநகரிற் பணிபுரிந்த தென்னாட்டவர் தம் மக்கள் கல்விக்காக நடத்திவந்த மதராஸி கல்விச் சங்கப் பள்ளியில் படித்து, 1949 இல் தேறினார். ஊரை விட்டு வந்த குடும்பங்கள் தம் சிறுவர்க்கென்று கூடி அமைத்த ஒரு பள்ளி, நாட்டுக்கே ஆசிரியர் ஒருவரைத் தந்தது என்பதை நேயர்கள் மனத்திற் கொள்வார்களாக. பின்னர் ஸெயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியிலும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் அவர் பயின்றார். பெங்களூரில் அவர் கைப்பழகியது ஒப்புமைக் கணிப்பொறியில். எண்களைக் கொண்டு கணிக்காமல், மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கங்களைக் கொண்டு கணக்கின் விடையைக் காட்டும் வகை அது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பட்டம் பெற்று, விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் 1961 இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அதற்குள் காலம் மாறிக்கொண்டிருந்தது. ஒப்புமைக் கணிப்பொறிகளின் நாள் மங்கி, இலக்கக் கணிப்பொறிகளின் நாள் விடிந்தது. பாடுபட்டுக் கற்றது பழைமையாகும்போது மனம் சோர்வது இயல்பு. ராஜாராமன் புதியதைக் கற்க முற்பட்டார். 1963 இல் கான்பூரில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே அங்கு ஐ.பி.எம். 1620 கணிப்பொறி வந்து இறங்கிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பது கூடி அக்கழகத்துக்குத் துணைசெய்த காலம் அது. ஹாரி ஹஸ்கி முதலிய அறிஞர்கள் வந்து வழிகாட்டினர். அவர்களிடம் கேட்டதை ராஜாராமனும் அவருடைய தோழரும் தம் வகுப்போடு நிறுத்திக்கொள்ளவில்லை. நாட்டின் பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள், தொழிற்சாலைகள் ஆகியவற்றிலிருந்து ஆசிரியரையும் பொறியியலாரையும் வரவழைத்துக் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்தினர். வந்தவர் ஃபோர்ட்ரான் மொழியைக் கற்று, தாமே அட்டைகளில் துளையிட்டு, தாம் எழுதிய நிரல் இயங்குவதைக் கண்ணாற் கண்டு திரும்பினர். அவர்கள் ஊர் திரும்பித் தாமும் ஆசிரியராயினர். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவது போன்ற வேலை இது. கணிப்பொறி விஞ்ஞானத்தை முறையான பட்டப் படிப்பின் ஒரு பிரிவாக 1965 இல் கான்பூர் தொடங்கியபோது, அதிலும் ராஜாராமனுடைய பங்கு பெரிது.

ஆயினும் வகுப்பறைக்கு வர இயலாதவர் எத்தனையோ பேர். மேல்நாட்டுப் பாடநூல்களின் விலையோ மாணவர்க்கு எட்டாதது. இக்குறையை நீக்க, வகுப்பிற்கென்று எழுதிய குறிப்புகளைத் திருத்தி, மலிவு விலையில் நூலாக வெளியிட அவர் துணிந்தார். கணிப்பொறி நிரலாக்கத்தின் கோட்பாடுகளைக் கூறும் அவருடைய ஆங்கில நூல் 1969 இல் வெளிவந்தது. கணிப்பொறியைக் கண்ணாலேயே கண்டிராத ஊர்களில், அந்நூலைத் தாளும் பென்சிலும் கொண்டு பயின்ற மாணவர் ஏராளம். அதன் பின் கோபால், சி, ஃபோர்ட்ரானின் புதிய வடிவங்கள் என்று மொழி மாறுந்தோறும் அவர் தாமும் கற்றுப் புதிய நூல் எழுதினார். வாணிக அலுவலகங்களுக்கு வேண்டிய நிரலாளரை உருவாக்க எம்.சி.ஏ. என்னும் பட்டப் படிப்பு வேண்டுமென்று சர்க்காருக்குப் பரிந்துரைத்த குழுவுக்கும் அவரே தலைவர். இன்று ஐந்தாம் செக்டரில் அப்பட்டத்தைப் பெயருக்குப் பின்னே எழுதிக்கொள்வோர் பலர். அதன் பின்னணியில் ஈரோட்டுக்காரர் ஒருவர் இருந்ததை அறிந்தோர் சிலரே.

1982 முதல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றிய அவர், ஐம்பது வயதுக்கு மேல் மீகணிப்பொறி என்னும் புதுத் துறையைக் கற்று அதற்கும் பாடநூல் எழுதினார். 1998 இல் பத்மபூஷண் விருது பெற்றார். எண்பதை நெருங்கும் வயதிலும் இந்தியக் கணிப்பொறித் துறையின் வரலாற்றைத் தொகுத்து, யாவரும் இலவசமாகப் படிக்கும் வகையில் வெளியிட்டார். அவருடைய வாழ்க்கையில் கற்றலும் கற்பித்தலும் இருவேறு பருவங்களாய் அமையவில்லை. கற்பிக்கவேண்டிக் கற்றார், கற்பித்ததால் கற்றது தெளிந்தது. பவணந்தியாரின் அரைப் பங்கு என்பது இதுவே.

நிற்க. இதுவரை கூறிய நூல்களும் வகுப்புகளும் ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழ் மொழி கணிப்பொறியில் ஏறிய வரலாறு தனியானது. அதிலும் வெளியூர்த் தமிழரின் கையே ஓங்கி நிற்கிறது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 இல் முரசு என்னும் மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் ஆசிரியப் பணியிலிருந்த நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றுவதற்கு முன்னின்று உழைத்தார். சுவிட்ஸர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராய் இருந்த கு. கல்யாணசுந்தரம், மயிலை என்னும் எழுத்துருவை அமைத்து யாவர்க்கும் இலவசமாக வழங்கினார். இவர் தொழிலால் கணிப்பொறி வல்லுநர் அல்லர். தேவை கருதிக் கற்றவர்.

அந்நாளில் ஒரு பெருந்தொல்லை இருந்தது. எழுத்துருவை அமைத்தவர் ஒவ்வொருவரும் எழுத்துக்களுக்குத் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்திருந்தனர். ஆகவே சிங்கப்பூரில் எழுதிய கடிதம் சென்னையில் திறந்தால் புரியாத குறிகளாய்த் தோன்றும். யூனிகோடு என்னும் உலகப் பொதுமுறை 1991 இலேயே தமிழுக்கும் இடம் தந்திருந்தது. எனினும் அக்காலக் கணிப்பொறிகள் அதனைக் கையாளும் திறன் பெறவில்லை. 1997 மே மாதத்தில் கோவிந்தசாமியின் முயற்சியாற் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழியே நெடுநாள் வாதித்துப் பொதுவான குறிமுறை ஒன்றை வகுத்தனர். 1999 பிப்ரவரியிற் சென்னையில் நடந்த மாநாட்டின் பின் தமிழ்நாட்டு அரசு தமிழ்–99 விசைப்பலகையை அறிவித்தது. ஒருவர் தம் முறையே சிறந்ததென்று விடாப்பிடியாய் நின்றிருந்தால் இவற்றுள் எதுவும் நடந்திராது. அறிவைப் பகிர்வது என்பதில், நம் பிடிவாதத்தை விடுவதும் அடங்கும்.

கல்யாணசுந்தரம் முதலியோர் 1998 பொங்கல் நாளன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். பழந்தமிழ் நூல்களை அன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதி, வேறு அன்பர்கள் பிழை திருத்தி, எவரும் இலவசமாகப் பெறுமாறு இணையத்தில் வைக்கும் பணி அது. ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதிய நம் முன்னோர் செய்த பணியின் தொடர்ச்சியென்றே அதனைக் கூறலாம். 2003 இல் தமிழ் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் தோன்றிற்று. அதன் தொடக்க காலத்திற் பேருழைப்பை நல்கிய இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தவர், வளைகுடா நாட்டிற் பணிபுரிந்த கட்டடக் கலைஞர். 2012 முதல் கணியம் என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழிலேயே எழுதி வருகின்றது. மென்பொருள் துறையிற் பணிபுரிந்த து. நித்யா, ‘எளிய தமிழில்’ என்று தொடங்கும் தலைப்புகளில் தரவுத்தளம் முதலிய பொருள்கள் பற்றி நூல்கள் எழுதி, யாவரும் இலவசமாகப் பெற்றுப் பகிர வழங்கியுள்ளார். ஆங்கிலம் அரைகுறையாய் விளங்கும் ஒரு மாணவிக்கு அத்தகைய நூல் ஒன்று செய்யும் உதவியை, பெரிய கல்லூரியும் செய்துவிட முடியாது.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். நாம் கற்றதையெல்லாம் பிறர்க்குச் சொல்லிவிட்டால் நமக்கு மதிப்பு என்ன? வேலைக்கு ஆபத்து நேராதா? இவ்வச்சம் வெறும் கற்பனையன்று. அயலூரில் வாடகைக்குக் குடியிருந்து ஊதியத்தை நம்பி வாழ்வோர்க்கு அது மிகுதியாகவே இருக்கும். முதலாளியின் தனியுடைமையான நிரல்களையும் வாடிக்கையாளரின் செய்திகளையும் வெளியிடலாகாது என்பது முறையே. அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் தொழிலின் பொது அறிவு வேறு. அதனை ஒளித்து வைப்பவர் காப்பாற்றுவது ஐந்தாண்டுகளில் பழையதாகப் போகும் ஒரு பொருளை. நேற்றைய யந்திர மொழியை மட்டும் அறிந்து அதையும் எவர்க்கும் சொல்லாதிருந்தவர்களின் பெயர் இன்று எங்கே? பிறர்க்கு விளக்க முற்படுபவர்தாம் தமக்கு விளங்காத இடத்தைக் கண்டுகொள்கிறார். கண்டபின் மேலும் கற்கிறார். தொழிலில் நிலைத்து நிற்க அதுவே உறுதியான வழி.

மேலும் ஒன்று. அயல்மாநிலத்தில் வளரும் நம் சிறுவர்க்குத் தமிழ் வீட்டு மொழியாய் இருக்கிறது. அறிவு மொழியாய் இருப்பதில்லை. சாம்பார் கேட்கவும் பாட்டியோடு பேசவும் மட்டும் பயன்படும் மொழி, மூன்றாம் தலைமுறையில் நாவிலிருந்து நழுவிவிடும். அதே மொழியில், கணிப்பொறி எவ்வாறு எண்ணுகிறது என்று தந்தையோ அத்தையோ விளக்கக் கேட்ட குழந்தைக்கு, தமிழ் சிந்திக்கவும் உதவும் என்பது தெரிந்துவிடும். இழப்பதா காப்பதா என்பது இங்கே நம் கையில் இருக்கிறது.

ஆகவே ஏரிக்கரையில் வாழும் அன்பர்க்கும், அவரைப்போல் பம்பாயிலும் டெல்லியிலும் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் வாழும் அன்பர்க்கும், பெரிய முதலீடு வேண்டாத சில வழிகளைக் கூறி முடிப்போம். வாரத்தில் ஒரு மாலை, பதினைந்து பேர் அமரக்கூடிய ஓர் அறை போதும். அவ்வாரத்தில் ஒருவர் புதிதாய்க் கற்றதை அரைமணி நேரம் தமிழில் எடுத்துரைக்கட்டும்; தமிழ்ச் சொல் கிடைக்காதவிடத்து வழக்கிலுள்ள சொல்லையே ஆளட்டும். அண்டை வீட்டு வங்காளி இளைஞர் கேட்க விரும்பினால், அவர்க்கு விளங்கும் மொழியிலும் ஒருமுறை கூறட்டும். ராமனுக்கு இடந்தந்த சங்கம் வங்காளத்தார் நிறுவியதன்றோ. உரைத்ததை இரண்டு பக்கத்தில் எழுதி வைக்கட்டும். பத்து வாரங்களில் அது ஒரு கையேடாகும். தட்டச்சு அறிந்த முதியோர் மதுரைத் திட்டத்துக்கு ஒரு நூலைத் தட்டெழுதித் தரலாம், பிழை பார்க்கலாம். வேண்டிய பழைய நூல்களைத் தேடுவோர்க்கு அலிப்பூரிலுள்ள தேசிய நூலகம் அருகிலேயே இருக்கிறது. 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் படி அங்கே சேர்தல் வேண்டும்; தமிழ் நூல்களுக்கும் அங்கே இடமுண்டு.

திருவள்ளுவர் கல்வி என்னும் அதிகாரத்துக்குப் பின் கல்லாமையை வைத்து, அதையடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை அமைத்தார். கற்க இயலாதவரும் கேட்டாவது அறிவு பெறட்டும் என்பது அவருடைய எண்ணம். கேட்பவர் இருக்கவேண்டுமாயின் சொல்பவர் ஒருவர் இருத்தல் வேண்டும். வரும் வாரத்துக்கு அச்சொல்பவர் யாரென்பதை, இதைப் படித்து முடித்த குடும்பத்தார் இன்றே தீர்மானித்துக்கொள்வார்களாக.